நெக்ஸானா, பிரெஸ்ஸாவா? முன்பணம் கட்டுவதற்கு முன் செய்ய வேண்டியவை

முதல் கார் வாங்கப் போகிறவர்கள் நான்கு மீட்டருக்குள், கொஞ்சம் உயரமாக, பத்துப் பன்னிரண்டு லட்சத்துக்குள் என்று தேட ஆரம்பித்தால் வென்யூ, சோனெட், எக்ஸ்யூவி 3எக்ஸ்ஓ என்று பட்டியல் நீளும். ஒரகடத்தில் தயாராகும் மேக்னைட்டும் கைகரும் வேறு இருக்கின்றன. ஆனால் வீட்டில் பேச்சு முற்றும்போது பல குடும்பங்களில் மிஞ்சுவது இரண்டே பெயர்கள்: டாடா நெக்ஸான், மாருதி பிரெஸ்ஸா. மாமா 'டாடாவா, இரும்புக் கோட்டை' என்பார். சித்தப்பா 'மாருதின்னா வித்தாலும் காசு' என்பார். இருவர் சொல்வதிலும் உண்மை உண்டு. ஆனால் அதை வைத்து மட்டும் முடிவெடுக்க முடியாது.

ஒரே பெயரில் பெட்ரோல், டீசல், சிஎன்ஜி, மேனுவல், ஆட்டோமேட்டிக் என்று விற்கும்போது, 'நெக்ஸான் நல்லதா, பிரெஸ்ஸா நல்லதா' என்ற கேள்விக்குப் பதிலே கிடையாது. உங்கள் ஓட்டத்துக்கு ஏற்ற ஒரு நெக்ஸான் வேரியன்ட்டையும் ஒரு பிரெஸ்ஸா வேரியன்ட்டையும் எடுத்து, அவை இரண்டையும் மோத விடுங்கள். அதற்கான வரிசை கீழே இருக்கிறது. விலையும் வசதிகளும் அடிக்கடி மாறும். ஷோரூமில் அன்று தரும் பிரோஷரையும் விலைப் பட்டியலையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

1. ஷோரூமுக்குப் போகும் முன் ஒரு வாரக் கணக்கு

ஒரு வாரம் வீட்டில் யார் எங்கே போகிறார்கள் என்று எழுதி வையுங்கள். தினமும் எத்தனை கிலோமீட்டர், ஊருக்குள்ளா நெடுஞ்சாலையா, வண்டியில் எத்தனை பேர், யார் ஓட்டப் போகிறார்கள், இரவில் எங்கே நிறுத்தப் போகிறீர்கள். இவ்வளவு போதும்.

நிறையப் பேர் தவறுவது இங்கேதான். வருடத்துக்கு இரண்டு முறை குலதெய்வம் கோயிலுக்குப் போகும் பயணத்தை மனதில் வைத்து வண்டி எடுக்கிறார்கள். மிச்ச நாளெல்லாம் அந்த வண்டி பள்ளிக்கூட வாசலிலும் காய்கறிக் கடை வாசலிலும்தான் நிற்கிறது. அந்த மிச்ச நாட்களுக்காக வாங்குங்கள். கோயிலுக்கு இரண்டு வண்டியும் போகும்.

ஒரு டேப் எடுத்து வீட்டு கேட்டையும் அளந்து விடுங்கள். நீளம் இரண்டுக்குமே 3995 மி.மீ. அகலம் நெக்ஸானுக்கு 1804, பிரெஸ்ஸாவுக்கு 1790. ஒரு விரல் அகலம்தான் வித்தியாசம். ஆனால் அது பக்கக் கண்ணாடிகளைச் சேர்க்காத அளவு என்பதை மறக்க வேண்டாம். போர்டிகோவில் நிறுத்திய பிறகு கதவைத் திறந்து ஒரு ஆள் இறங்க முடியுமா என்று பாருங்கள். வீட்டு வாசலில் சரிவு செங்குத்தாக இருந்தால் அடி தட்டுமோ என்ற பயம் வேண்டாம். தரையிலிருந்து நெக்ஸான் 208 மி.மீ., பிரெஸ்ஸா 198 மி.மீ. உயரத்தில் நிற்கிறது. நம் ஊர் வேகத்தடைகளுக்கு இரண்டும் தாங்கும்.

2. எஞ்சினை முதலில் முடிவு செய்யுங்கள்

நிறமும் சன்ரூஃபும் பிறகு வரட்டும். இந்த இரண்டு வண்டிகளுக்கும் உள்ள நிஜமான வேறுபாடு எஞ்சினில் இருக்கிறது.

பிரெஸ்ஸாவில் இருப்பது 1462 சிசி, நான்கு சிலிண்டர், டர்போ (எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் கருவி) இல்லாத பெட்ரோல் எஞ்சின். 103 பிஎஸ் சக்தி, 137 என்எம் இழுவை. நெக்ஸானின் பெட்ரோல் 1199 சிசி, மூன்று சிலிண்டர், டர்போ. 120 பிஎஸ், 170 என்எம். எண்ணை மட்டும் பார்த்தால் நெக்ஸான் ஜெயித்துவிட்டது. ஓட்டிப் பார்த்தால் கதை அவ்வளவு நேர் கிடையாது. டர்போ எஞ்சின் குறைந்த சுற்றில் கொஞ்சம் தூங்கும், சுற்று ஏறியதும் சட்டென்று இழுக்கும். டவுன் பஸ்ஸுக்குப் பின்னால் இரண்டாவது கியரில் உருளும்போது அந்தத் தூக்கம் தெரியும். உளுந்தூர்பேட்டை தாண்டி லாரியை முந்தும்போது அந்த இழுவை இனிக்கும். பிரெஸ்ஸா இதற்கு நேர்மாறு. மிதித்த அளவுக்குச் சீராக வரும், அதிர்வு குறைவு, புதிதாக ஓட்டக் கற்றவருக்குப் பழக எளிது. ஆனால் ஐந்து பேரும் பெட்டிகளும் ஏறி, ஏசியும் ஓடும்போது மலையில் கியரைக் குறைத்துக் குறைத்துத்தான் ஏற வேண்டியிருக்கும்.

டீசல் வேண்டும் என்றால் இந்த ஜோடியில் நெக்ஸான் மட்டும்தான். 1497 சிசி, 115 பிஎஸ், 260 என்எம். 2016-இல் விட்டாரா பிரெஸ்ஸா அறிமுகமானபோது டீசலில் மட்டுமே வந்தது. 2020-இல் பிஎஸ்6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்ததும் மாருதி டீசலையே கைவிட்டுவிட்டது. மாதம் ஆயிரத்து ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல், அதுவும் பெரும்பகுதி நெடுஞ்சாலையில் ஓட்டுகிறவர் என்றால் நெக்ஸான் டீசலைத் தயங்காமல் பாருங்கள். ஊருக்குள் ஐந்து கிலோமீட்டர் போய் நிறுத்தி, மறுபடி ஐந்து கிலோமீட்டர் வருகிறவருக்கு டீசல் வேண்டாம். பிஎஸ்6 டீசல் வண்டிகளில் டிபிஎஃப் என்ற கரி வடிகட்டி இருக்கும். அதில் சேரும் கரி எரிந்து தீர வண்டி கொஞ்ச நேரம் நிற்காமல், நல்ல வேகத்தில் ஓட வேண்டும். குட்டிக் குட்டி ஓட்டமாகவே ஓட்டினால் கரி அடைத்து எச்சரிக்கை விளக்கு எரியும். 'டீசல் வண்டிக்குப் பத்து வருஷம்தான் ஆயுசு' என்று யாராவது பயமுறுத்தினால், அது டெல்லிச் சுற்றுவட்டாரத்துக்கான கட்டுப்பாடு. தமிழ்நாட்டில் டீசல் காருக்கும் முதல் பதிவு பதினைந்து ஆண்டுக்குத்தான்.

சிஎன்ஜி இரண்டிலும் உண்டு. பிரெஸ்ஸா சிஎன்ஜி ஒரு கிலோவுக்கு 25.51 கி.மீ. தரும் என்கிறது சோதனைக்கூட எண். ஆனால் 2023-இல் வந்த அந்த வண்டியில் சிலிண்டர் டிக்கிக்குள் உட்கார்ந்து இடத்தை விழுங்கிவிடும். நெக்ஸான் சிஎன்ஜியில் இரண்டு சிறிய சிலிண்டர்களை டிக்கியின் தரைக்கு அடியில் வைத்து, 321 லிட்டர் இடத்தை மிச்சம் பிடித்திருக்கிறார்கள். பெட்டியோடு பயணம் போகிறவருக்கு இது பெரிய விஷயம். மூன்று ஆண்டுக்கு ஒருமுறை சிலிண்டர் சோதனை செய்ய வேண்டும் என்பதையும், உங்கள் பாதையில் பங்க் எங்கே இருக்கிறது, மாலையில் அங்கே வரிசை எவ்வளவு நீளம் என்பதையும் முதலில் பாருங்கள். சிஎன்ஜி பங்க் பத்து கிலோமீட்டர் தள்ளி இருந்தால் அந்த யோசனையை விட்டுவிடலாம்.

3. பத்து லட்சக் கோடு

இதை ஷோரூமில் யாரும் தானாக எடுத்துச் சொல்வதில்லை. வாங்குகிறவருக்கோ பணத்தில் அதிகம் பாதிப்பது இதுதான்.

2025 செப்டம்பர் 22 முதல் நான்கு மீட்டருக்கு மிகாத, பெட்ரோல் என்றால் 1200 சிசிக்கு மிகாத, டீசல் என்றால் 1500 சிசிக்கு மிகாத கார்களுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். அந்த எல்லையைத் தாண்டினால் 40 சதவீதம். நெக்ஸான் பெட்ரோல் 1199 சிசி, டீசல் 1497 சிசி. இரண்டும் எல்லைக்குள் கச்சிதமாகப் பொருந்துகின்றன. பிரெஸ்ஸா நீளத்தில் தேறிவிடுகிறது, 1462 சிசி பெட்ரோல் என்பதால் எஞ்சினில் தோற்று 40 சதவீதத்துக்குள் போய்விடுகிறது. வரி மாறியபோது நெக்ஸானின் ஆரம்ப விலை சுமார் 7.32 லட்சம், பிரெஸ்ஸாவின் ஆரம்ப விலை சுமார் 8.26 லட்சம் என்று அமைந்ததற்கு இது ஒரு முக்கியக் காரணம். பிரெஸ்ஸாவுக்குக் கொடுக்கும் பணத்தில் அரசாங்கத்தின் பங்கு அதிகம், வண்டியின் பங்கு குறைவு என்று புரிந்துகொள்ளுங்கள்.

அடுத்தது தமிழ்நாட்டின் ஆயுள் வரி, பேச்சு வழக்கில் ரோடு டாக்ஸ். 2023 நவம்பரில் உயர்த்திய விகிதப்படி, ஐந்து முதல் பத்து லட்சம் வரை விலையுள்ள காருக்கு 13 சதவீதம். பத்து லட்சத்தைத் தாண்டி இருபது லட்சம் வரை 18 சதவீதம். தாண்டிய தொகைக்கு மட்டும் கூடுதல் வரி என்று நினைத்துவிடாதீர்கள், முழு விலைக்கும் 18 தான். ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். 9.95 லட்சம் வண்டிக்கு வரி 1,29,350 ரூபாய். 10.05 லட்சம் வண்டிக்கு 1,80,900 ரூபாய். விலையில் பத்தாயிரம் கூடியதற்கு வரியில் 51,550 கூடிவிட்டது. பத்து லட்சத்தைத் தாண்டும் காருக்கு ஒரு சதவீதம் டிசிஎஸ் (விற்பவரே முன்கூட்டி வாங்கிக் கட்டும் வருமான வரி) வேறு பிடிப்பார்கள். அதை வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம், ஆனாலும் இன்றைக்குக் கையை விட்டுப் போகும் பணம் அது.

ஆகவே விலைப் பட்டியலில் பத்து லட்சத்துக்கு ஒரு கோடு கிழியுங்கள். கோட்டுக்கு மேலே கொஞ்சமாக எட்டிப் பார்க்கும் வேரியன்ட்டில், கீழே இருப்பதைவிட என்ன கூடுதலாகக் கிடைக்கிறது? அலாய் வீலும் பெரிய திரையும்தான் என்றால் கீழே இறங்கி வாருங்கள். வெளியில் மூவாயிரத்துக்குக் கிடைக்கும் ரிவர்ஸ் கேமராவுக்காக அறுபதாயிரம் கட்டியவர்கள் உண்டு. ஆறு ஏர்பேக் மேலே மட்டும்தான் என்றால் நானே மேலே போகச் சொல்வேன். ஆனால் இந்த இரண்டிலும் இப்போது எல்லா வேரியன்ட்டிலும் ஆறு ஏர்பேக் வருகிறது.

புதுச்சேரியில் பதிந்து வரியை மிச்சம் பிடிக்கலாம் என்று ஒரு நண்பர் கட்டாயம் சொல்வார். இங்கே குடியிருந்து இங்கேயே ஓட்டுகிறவர் இங்கே வரி கட்டியாக வேண்டும். சோதனையில் மாட்டினால் அந்த நண்பர் வரமாட்டார்.

4. மைலேஜ் சண்டையை ஐந்து நிமிடத்தில் முடியுங்கள்

பிரோஷரில் போடும் மைலேஜ் ஆய்வுக்கூடத்தில் உருளைகள் மேல் வண்டியை ஓட்டி எடுத்த எண். ஒரு வண்டியின் ஆய்வுக்கூட எண்ணை இன்னொன்றின் ஆய்வுக்கூட எண்ணோடு ஒப்பிடலாம், அவ்வளவுதான். அந்த எண் எந்த வேரியன்ட்டுக்கு என்றும் கேளுங்கள். பிரெஸ்ஸாவில் எரிபொருளை மிச்சப்படுத்தும் மைல்டு ஹைபிரிட் எல்லா வேரியன்ட்டிலும் இருப்பதில்லை.

மாதம் ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். வருடத்துக்கு 12,000. ஒரு வண்டி லிட்டருக்கு 14, மற்றொன்று 16 தருகிறது. பெட்ரோல் நூறு ரூபாய் என்றால் முதல் வண்டிக்கு வருடம் சுமார் 85,700, இரண்டாவதற்கு 75,000. வித்தியாசம் மாதம் கிட்டத்தட்ட தொள்ளாயிரம் ரூபாய். மூன்றாம் படியில் பார்த்த பத்து லட்சக் கோட்டைத் தேவையில்லாமல் தாண்டினால், ஐந்து வருட மைலேஜ் லாபம் பதிவு அன்றே போய்விடும். மைலேஜுக்காகக் கண்ணை மூடிக்கொண்டு ஒரு வண்டியை நிராகரிக்க வேண்டாம் என்று நான் சொல்வதற்கு இதுதான் காரணம்.

5. நட்சத்திரங்களை எப்படிப் படிப்பது

2018 டிசம்பரில் குளோபல் என்கேப் என்ற மோதல் சோதனையில் ஐந்து நட்சத்திரம் வாங்கிய முதல் இந்தியத் தயாரிப்பு நெக்ஸான். விதிகள் கடுமையான பிறகு 2024-இல் மறுபடியும் ஐந்து வாங்கியது. நம் நாட்டுக்கென 2023 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த பாரத் என்கேப்பிலும் ஐந்து. இந்த விஷயத்தில் நெக்ஸானின் பக்கம் கனம் அதிகம், அதில் சந்தேகமில்லை.

பிரெஸ்ஸாவுக்கு 'நான்கு நட்சத்திரம்' என்று சொல்வார்கள். அது 2018-இல் பழைய விட்டாரா பிரெஸ்ஸாவுக்கு, பழைய விதியில் கிடைத்தது. 2022-இல் வந்த வண்டி வேறு. அந்த நான்கையும் இந்த ஐந்தையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவது சரியல்ல. பாரத் என்கேப்பின் இணையதளத்தில், நீங்கள் வாங்கும் மாடலுக்கு முடிவு இருக்கிறதா என்று அன்றைய தேதியில் நீங்களே பாருங்கள். விற்பனையாளரிடம் கேட்க வேண்டியதில்லை.

பின்சீட்டில் யாரும் பெல்ட் போடாமல், மடியில் குழந்தையை வைத்துக்கொண்டு போகிற குடும்பத்துக்கு ஐந்து நட்சத்திரமும் பெரிதாக உதவாது. குழந்தை இருந்தால் அதற்கான சீட்டின் விலையையும் வண்டி விலையோடு சேர்த்தே கணக்கிடுங்கள்.

6. குடும்பத்தோடு போய் உட்காருங்கள்

வாங்குகிறவர் மட்டும் போய்ப் பார்த்துவிட்டு வருவது நம் வழக்கம். அம்மாவுக்கு முழங்கால் வலி என்றால் அம்மாதான் முக்கியமான ஆள். அவர் பிடி இல்லாமல் ஏறி இறங்குகிறாரா என்று பாருங்கள். பின்சீட்டில் மூன்று பெரியவர்களை உட்கார வைத்துக் கதவைச் சாத்துங்கள். பிரெஸ்ஸா 1685 மி.மீ. உயரம், நெக்ஸான் 1620. பெட்டி போல நிமிர்ந்த வடிவம் என்பதால் பிரெஸ்ஸாவில் தலைக்கு மேலே தாராளம். நெக்ஸானின் கூரை பின்னால் சரிவதால், உயரமானவர்கள் ஒருமுறை உட்கார்ந்து பார்த்துவிடுவது நல்லது. டிக்கி நெக்ஸானில் 382 லிட்டர், பிரெஸ்ஸாவில் 328 என்கிறார்கள். லிட்டர் கணக்கு யாருக்கும் மனதில் நிற்காது. வீட்டில் இருக்கும் பெரிய பெட்டியைக் கையோடு எடுத்துப் போய் வைத்துப் பாருங்கள். ஷோரூமில் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

சன்ரூஃப் பற்றி ஒரு வார்த்தை. சித்திரை வெயிலில் நம் ஊரில் அதைத் திறக்கிற நாட்கள் மிகக் குறைவு. பிள்ளைகள் அதில் தலையை நீட்டுவது ஆபத்து. அதே பணத்துக்கு நெக்ஸானின் மேல்நிலை வேரியன்ட்களில் வரும் காற்றோட்ட சீட் கிடைத்தால், முதுகு வியர்க்கும் நமக்கு அது தினமும் பயன்படும்.

7. டெஸ்ட் டிரைவ்: அவர்கள் பாதையில் வேண்டாம்

ஷோரூமிலிருந்து நேராகப் போய் யூ-டர்ன் அடித்துத் திரும்புவது டெஸ்ட் டிரைவ் ஆகாது. அந்தச் சாலை எந்த வண்டியையும் நல்ல வண்டியாகக் காட்டும். வீட்டுக்கு வண்டியைக் கொண்டு வரச் சொல்லுங்கள். இப்போது இரண்டு நிறுவனத்தின் ஷோரூம்களும் வீட்டு வாசலுக்கே அனுப்புகின்றன. ஒரே நாளில், ஒரே பாதையில், முடிந்தால் ஒரே நேரத்து நெரிசலில் இரண்டையும் ஓட்டுங்கள். இன்றைக்கு ஒன்று, அடுத்த ஞாயிறு இன்னொன்று என்றால் முதல் வண்டி எப்படி இருந்தது என்று மறந்தே போகும்.

கொண்டு வரும் வண்டி நீங்கள் வாங்கப் போகும் எஞ்சினும் கியரும்தானா என்று முதலில் உறுதி செய்யுங்கள். பெரும்பாலும் உச்ச வேரியன்ட் பெட்ரோலைத்தான் டெஸ்ட் டிரைவுக்கு வைத்திருப்பார்கள். டீசல் வாங்குகிறவர் அதை ஓட்டிப் பார்த்து ஒரு பயனும் இல்லை.

பாதையை இப்படி வகுத்துக்கொள்ளுங்கள். உங்கள் தெருவிலிருந்து ரிவர்ஸில் வெளியே வாருங்கள். பின்கண்ணாடி வழியாக எவ்வளவு தெரிகிறது, தூண் எங்கே மறைக்கிறது என்று புரியும். கடைத்தெரு நெரிசலுக்குள் போங்கள். இடது கால் கிளட்சில் பத்து நிமிடம் இருந்தால் வலிக்கிறதா என்று பாருங்கள். கியர் மாற்றுவதில் என் கைக்குப் பிரெஸ்ஸா வெண்ணெய், நெக்ஸான் கொஞ்சம் முரண்டு பிடிக்கும். உங்கள் கைக்கு எப்படி என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். பிறகு ஒரு மேம்பால ஏற்றத்தில், வண்டி கூட்டத்துக்கு நடுவே நிறுத்தி எடுங்கள். பின்னால் உருள்கிறதா, எவ்வளவு மிதிக்க வேண்டியிருக்கிறது என்பது தெரியும்.

குண்டும் குழியுமான சாலை ஒன்று கட்டாயம் வேண்டும், அதைத் தேடி அலைய வேண்டியிருக்காது. அங்கே நீங்கள் ஓட்டாமல் பின்சீட்டில் உட்காருங்கள், வேறு யாராவது ஓட்டட்டும். மோசமான சாலையை விழுங்குவதில் நெக்ஸானின் சஸ்பென்ஷன் ஒரு படி மேல் என்பது என் அபிப்பிராயம். பிரெஸ்ஸாவும் மோசமில்லை. கடைசியாகப் புறவழிச்சாலையில் எண்பது வேகத்தில் வானொலியையும் பேச்சையும் நிறுத்திவிட்டு, டயர் சத்தத்தையும் காற்றுச் சத்தத்தையும் கேளுங்கள். ஏசி முழுவதும் ஓடிக்கொண்டே இருக்கட்டும். நடுப்பகலில் போனால் இன்னும் நல்லது, வெயிலில் நின்ற வண்டி எத்தனை நிமிடத்தில் குளிர்கிறது என்பதும் தெரிந்துவிடும்.

ஆட்டோமேட்டிக் வாங்குகிறவர்களுக்கு இந்தப் படி இன்னும் முக்கியம். ஆட்டோமேட்டிக் என்ற ஒரே பெயரில் மூன்று வேறு வேறு கியர்பாக்ஸ் இங்கே இருக்கிறது. பிரெஸ்ஸாவில் ஆறு கியர் டார்க் கன்வர்ட்டர். மாறுவதே தெரியாமல் வழுவழுவென்று போகும், நெரிசலுக்கு ஏற்றது. நெக்ஸானில் ஒன்று ஏஎம்டி. கிளட்ச் வேலையை எந்திரம் செய்யும் மேனுவல்தான் அது. விலை குறைவு, ஆனால் கியர் மாறும்போது தலை ஒருமுறை ஆடும். மற்றொன்று பெட்ரோலில் மட்டும் வரும் ஏழு கியர் டூயல் கிளட்ச். வேகம் பிடிப்பதில் கில்லாடி, ஊர்ந்து போகும் நெரிசலில் எப்படி நடந்துகொள்கிறது என்று பொறுமையாகச் சோதியுங்கள். பிரெஸ்ஸா ஆட்டோமேட்டிக்கின் விலை பத்து லட்சக் கோட்டைத் தாண்டிவிடுகிறது. கோட்டுக்குக் கீழே கிளட்ச் இல்லாத வண்டி வேண்டும் என்றால் நெக்ஸான் ஏஎம்டிதான் கைக்கு எட்டும். சேலத்துக்காரர்களுக்கு ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன, கோவைக்காரர்களுக்கு வால்பாறை போகிற வழியில் 40. அதில் பாதி ஏறிப் பார்க்க அனுமதி கிடைத்தால் ஏஎம்டி உங்களுக்கு ஒத்துவருமா என்று அங்கேயே முடிவாகிவிடும்.

8. சனிக்கிழமை காலை சர்வீஸ் சென்டர்

ஷோரூமில் எல்லோரும் சிரித்த முகம். உண்மை பின்பக்கத்தில் இருக்கிறது. உங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் உள்ள இரண்டு சர்வீஸ் சென்டருக்கும் ஒரு சனிக்கிழமை போய், வண்டி எடுக்க வந்து காத்திருப்பவர்களிடம் பேச்சுக் கொடுங்கள். 'அண்ணே, வண்டி எப்படி, இங்க வேலை எப்படி' என்று கேட்டால் போதும், கொட்டித் தீர்த்துவிடுவார்கள். ஒருவர் புலம்பினால் அது அவர் பிரச்சினை. நான்கு பேர் ஒரே குறையைச் சொன்னால் குறித்துக்கொள்ளுங்கள்.

மாருதியின் பலம் இங்கேதான். சின்ன ஊர்களில்கூட சர்வீஸ் கிடைக்கும், உதிரி பாகம் கிடைக்கும், வெளி மெக்கானிக்கும் கை வைப்பார். பழைய வண்டிச் சந்தையில் நல்ல விலை கிடைப்பதற்கும் இது ஒரு காரணம். டாடாவைப் பொறுத்தவரை ஊருக்கு ஊர், டீலருக்கு டீலர் அனுபவம் மாறுகிறது என்று பலரும் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். அதனால் உங்கள் ஊர் டீலர் எப்படி என்று விசாரிக்காமல் நெக்ஸான் எடுக்க வேண்டாம். பெரிய நகரத்தில் இருப்பவருக்கு இது ஒரு கேள்வியே இல்லை. அறந்தாங்கியிலோ சங்கரன்கோவிலிலோ இருப்பவருக்கு இதுவே முதல் கேள்வி.

உதிரி பாகம் விற்கும் கவுன்டரில் முன் பம்பர், ஹெட்லைட், பக்கக் கண்ணாடி, முன்பக்கப் பெரிய கண்ணாடி ஆகியவற்றின் விலையைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். நம் ஊரில் முதலில் அடிபடுபவை இவைதாம். வாரன்டி இரண்டுக்குமே மூன்று ஆண்டு அல்லது ஒரு லட்சம் கிலோமீட்டர், எது முதலில் வருகிறதோ அது.

9. கொட்டேஷனை வரி வரியாகப் பிரியுங்கள்

'ஆன்-ரோடு எவ்வளவு' என்று மட்டும் கேட்டால் ஒரே எண்ணைச் சொல்லி அனுப்புவார்கள். ஷோரூம் விலை, ஆயுள் வரி, பதிவுக் கட்டணம், இன்சூரன்ஸ், ஃபாஸ்டேக், கூடுதல் வாரன்டி, ஆக்சஸரீஸ் என்று தனித்தனியாக, டீலரின் லெட்டர்ஹெட்டில் கேளுங்கள். 'ஹேண்ட்லிங் சார்ஜ்' என்று ஒரு வரி இருந்தால் அது எதற்கு என்று கேளுங்கள். எந்தச் செலவுக்கு என்று சொல்ல முடியாத பணத்தை எடுக்கச் சொல்லுங்கள். கேட்டாலே பாதி இடத்தில் எடுத்துவிடுவார்கள்.

இன்சூரன்ஸை டீலரிடம்தான் எடுக்க வேண்டும் என்ற கட்டாயம் எந்தச் சட்டத்திலும் இல்லை. அதே ஐடிவி (இன்சூரன்ஸில் வண்டிக்குப் போடும் மதிப்பு), அதே ஜீரோ டெப் (உதிரி பாகத்தின் தேய்மானத்தைக் கழிக்காமல் பணம் தரும்) வசதிக்கு வெளியில் ஒரு விலை வாங்கி வந்து மேசையில் வையுங்கள். பெரும்பாலும் அந்த விலைக்கு அவர்களும் இறங்கி வருவார்கள். மூன்றாம் நபர் காப்பீட்டைப் புதுக் காருக்கு மூன்று ஆண்டுக்குச் சேர்த்தே கட்ட வேண்டும். இரண்டு வண்டியும் 1000 முதல் 1500 சிசி என்ற ஒரே பிரிவில் வருவதால் அந்தத் தொகையில் வித்தியாசம் இருக்காது.

கடன் வாங்குகிறவர்கள் மாதத் தவணையை மட்டும் பார்க்க வேண்டாம். எட்டு லட்சத்தை ஒன்பது சதவீதத்தில் ஐந்து ஆண்டுக்கு வாங்கினால் தவணை சுமார் 16,600, மொத்த வட்டி இரண்டு லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவு. ஏழு ஆண்டாக நீட்டினால் தவணை 12,900 ஆகிறது, வட்டியோ 2.8 லட்சத்தைத் தொடுகிறது. 'மாசம் மூவாயிரம்தான் சார் கூட, டாப் எண்டே எடுத்துடுங்க' என்பது இந்த நீட்டலை வைத்துத்தான்.

முன்பணத்தை டீலர் நிறுவனத்தின் கணக்கில் மட்டும் போடுங்கள். விற்பனையாளரின் சொந்த எண்ணுக்கு ஒரு ரூபாய்கூட அனுப்பக் கூடாது. ரசீதில் வேரியன்ட், நிறம், ஒப்புக்கொண்ட தள்ளுபடி, ரத்து செய்தால் எவ்வளவு திரும்பும் என்பதெல்லாம் எழுத்தில் இருக்கட்டும்.

10. எந்த மாதம்?

ஆடியில் புதுசு வாங்கப் பலரும் தயங்குவார்கள், அதனால் பேரம் படியும். டிசம்பரில் ஆண்டுக் கடைசி, மார்கழி வேறு பிறந்துவிடும். தேங்கிய வண்டியைத் தள்ள வேண்டிய கட்டாயம் ஷோரூமுக்கு. தள்ளுபடி நன்றாகக் கிடைக்கும். ஆனால் அந்த வண்டியின் தயாரிப்பு ஆண்டு, நாளைக்கு விற்கும்போது ஒரு வயதைக் கூட்டிக் காட்டும். பத்து ஆண்டு வைத்துக்கொள்கிறவருக்கு அது லாபம், நான்கு ஆண்டில் மாற்றுகிறவருக்கு அவ்வளவு இல்லை. ஆயுத பூஜைக்கு டெலிவரி எடுக்க ஆசைப்பட்டால் எடுங்கள், அன்றைக்குப் பேரமும் நடக்காது, நிதானமாகச் சோதிக்கவும் முடியாது.

என்னைக் கேட்டால்: நெடுஞ்சாலையில் நிறைய ஓடுகிறவருக்கு நெக்ஸான் டீசல். பத்து லட்சத்துக்குள் நிற்க வேண்டும், ஊருக்குள்ளும் வெளியூரும் கலந்து ஓட்டம் என்றால் நெக்ஸான் பெட்ரோல் மேனுவல். வீட்டில் வயதானவர்கள், நெரிசலில் தினசரி ஓட்டம், வரி கூடினாலும் பரவாயில்லை என்பவருக்குப் பிரெஸ்ஸா ஆட்டோமேட்டிக். டாடா சர்வீஸ் ஐம்பது கிலோமீட்டர் தள்ளி இருக்கிற ஊர்க்காரருக்கு யோசனையே வேண்டாம், பிரெஸ்ஸா மேனுவல்.

11. பதிவுக்கு முன் ஒரு மணி நேரம்

உங்கள் பெயரில் பதிவு ஆன பிறகு குறை கண்டால் பேச்சு எடுபடாது. பதிவுக்கு முன்பே, பகல் வெளிச்சத்தில், வண்டியை நேரில் பாருங்கள். சேசிஸ் எண்ணும் எஞ்சின் எண்ணும் இன்வாய்ஸில் உள்ளதோடு பொருந்த வேண்டும். தயாரிப்பு மாதத்தையும் ஆண்டையும் சரிபாருங்கள். ஓடோமீட்டரில் நூறு கிலோமீட்டருக்கு மேல் இருந்தால் ஏன் என்று கேளுங்கள். பக்கவாட்டில் குனிந்து பார்த்தால் பெயின்ட் மறுபூச்சு தெரியும். நான்கு டயரும் ஸ்டெப்னியும் தயாரான வாரம் டயரிலேயே நான்கு இலக்கமாக அச்சாகியிருக்கும். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. எல்லா ஜன்னலையும் ஏற்றி இறக்கி, ஏசியை ஓட்டி, ஒவ்வொரு விளக்கையும் எரிய விடுங்கள். ஜாக்கி, ஸ்பானர், இரண்டு சாவி இருக்கின்றனவா என்று எண்ணுங்கள். குறை இருந்தால் படம் எடுத்து மின்னஞ்சலில் அனுப்பிவிட்டு, சரி செய்த பிறகு பதிவுக்குப் போகச் சொல்லுங்கள்.

டெலிவரி அன்று வண்டியில் பங்க் வரைக்கும் போகும் அளவுக்குத்தான் எண்ணெய் இருக்கும். மாலையும் எலுமிச்சம்பழமும் முடிந்ததும் நேராகப் போய் டேங்கை நிரப்பி, ஓடோமீட்டரைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை அதே பங்கில் மறுபடி நிரப்பும்போது ஓடிய கிலோமீட்டரை ஊற்றிய லிட்டரால் வகுத்தால் உங்கள் வண்டியின் நிஜமான முதல் மைலேஜ் வரும். முதல் ஆயிரம் கிலோமீட்டர் வரை ஒரே வேகத்தில் மணிக்கணக்காக ஓட்டாமலும், எஞ்சினை அலற விடாமலும் பார்த்துக்கொண்டு, முதல் இலவச சர்வீஸின் தேதியை நாட்காட்டியில் வட்டம் போட்டு வையுங்கள்.